தசை நாற்பது நாள் காத்திருக்காது

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, அறுவை சிகிச்சைத் துறையின் டாக்டர் ரேவதி அவர்களே, மகளை அடக்கம் செய்துவிட்டு இன்று நமக்காக இந்த மேடை வரை வந்திருக்கும் பெரியவர் பஷீருதீன் அவர்களே, காட்டுப்பாக்கத்திலிருந்தும் சென்னீர்குப்பத்திலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, அவர்களை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலில் நிற்கும் ஆண்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இதே மண்டபத்தில், இதே நாற்காலிகளில் நம்மை உட்கார வைத்து, டாக்டர் மஹீரா பேகம் தம் ஆராய்ச்சியின் முடிவைச் சொல்வதாக இருந்தார். அடுத்த மாதம் என்று நாளும் பார்த்திருந்தார். நாம் வந்துவிட்டோம். அவர் இல்லை. அவருடைய படத்தை வைத்து மாலை போடலாமா என்று மகளிர் சங்கத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அதனால் இந்த மேசையில் ஒன்றும் இல்லை. அந்த வெறும் மேசையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் டாக்டர் மஹீரா எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பார் என்று சொன்னார்கள். அதை நான் திருத்த வேண்டியிருக்கிறது. அவர் அதிகம் சிரிக்கிறவர் அல்ல. நடக்காமல் நடந்தேன் என்று சொன்னவரைப் பார்த்து அவர் சிரித்ததில்லை. சர்க்கரை போட்ட காபியைக் குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சொன்னவரைப் பார்த்தும் சிரித்ததில்லை. இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது நம் வழக்கம். ஆனால் இறந்தவர் உண்மையைத் தவிர வேறெதையும் மதிக்காதவராக இருந்தால், அவருக்குப் பொய்யான புகழ் எதற்கு?

என் பெயர் சுலோசனா ஞானசேகரன். பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மஹீரா என் மாணவி என்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவர் சொன்னார். அதுவும் தவறு. நான் அவருக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்குத் தன் உடம்பைக் கொடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் உறவு. அந்த உறவில்தான் இங்கே நிற்கிறேன்.

என் கணவர் சர்க்கரை நோயில் போனார். முதலில் கால் விரல், பிறகு கால், பிறகு சிறுநீரகம். அவர் போன பிறகு என்னை ஓர் ஆண்டு எங்கும் போக விடாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். அது மரியாதை என்று சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன். அந்த ஓராண்டில் நான் எவ்வளவு பெருத்தேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அது எனக்கும் மஹீராவுக்கும் தெரியும், அதுவே போதும்.

பூந்தமல்லியில் ஒரு முகாமில்தான் அவரை முதலில் பார்த்தேன். இடுப்பை அளந்துகொண்டிருந்த ஒரு பெண், "கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க" என்று இழுத்தாள். "பருமன் என்று சொல், சுற்றி வளைக்காதே" என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பருமன்தாம்மா. ஆனா உங்க எடை எனக்கு வேண்டாம். உங்க தொடைக்குள்ள என்ன பேச்சு நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

திரும்பிப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தலையில் சாம்பல் நிறத் துணி, கண்ணில் தூக்கமின்மை. "என் தொடையைப் பற்றி என் கணவர்கூட இப்படிக் கேட்டதில்லை" என்றேன். "அவர் கேட்டிருந்தா உங்க ரெண்டு பேருக்கும் நல்லா இருந்திருக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் அவர் ஆராய்ச்சியில் சேர்ந்தேன்.

தொடைக்குள் என்ன பேச்சு? வாசலில் நிற்கும் ஆண்களுக்கு இது தெரியாது. மேடையில் இருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் தெரியும். மஹீரா எங்களுக்குச் சொன்ன மொழியில் சொல்கிறேன்.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேனில் வருகிறீர்கள். கடைசி சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டும். அவர் குரல் டிரைவருக்குக் கேட்காது. முன்னால் இருப்பவரிடம் சொல்கிறார், அவர் தனக்கு முன்னால் இருப்பவரிடம் சொல்கிறார், சொல் இப்படியே கைமாறிப் போய் டிரைவரிடம் சேர்கிறது. வண்டி நிற்கிறது, கதவு திறக்கிறது. தசைச் செல்லும் அப்படித்தான். நாம் சாப்பிட்டதும் இன்சுலின் வந்து செல்லுக்கு வெளியே குரல் கொடுக்கிறது. அந்தச் சொல் செல்லுக்குள் ஒருவர் மாற்றி ஒருவராகக் கடத்தப்பட்டுப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் சர்க்கரை வாசல்கள் செல்லின் மேற்பரப்புக்கு ஏறி வரும், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை உள்ளே நுழையும்.

பருமனான உடம்பில் கொழுப்பு வயிற்றோடு நிற்பதில்லை, தசைக்குள்ளும் போய் உட்காருகிறது. அது சொல்லைக் கடத்துகிறவர்களின் காதை அடைக்கிறது. இன்சுலின் கத்துகிறது. நடுவில் இருப்பவர் காதில் வாங்குவதில்லை. வாசல் உள்ளேயே கிடக்கிறது. சர்க்கரை வெளியே அலைகிறது. என் கணவருடைய காலுக்கு நடந்தது இதுதான். அதை எனக்குப் புரியும்படி சொன்ன முதல் ஆள் மஹீரா. கணவர் இறந்து அத்தனை ஆண்டுகள் கழித்து, ஒரு முகாமின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மூச்சு வாங்க நடந்தால் என்ன ஆகிறது? வேலை செய்யும் தசைக்கு எரிபொருள் குறைகிறது. குறையும்போது அது இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. தனக்குள்ளிருந்தே இன்னொரு குரல் எழுப்புகிறது. அதே வாசல்கள் அந்தக் குரலுக்கும் ஏறி வருகின்றன. நடந்து முடித்த பிறகும், அன்றும் மறுநாளும், இன்சுலினின் குரல் கொஞ்சம் நன்றாகவே கேட்கிறது. வாரக்கணக்கில் விடாமல் நடந்தால் அடைத்துக் கிடந்த பழைய வழியும் திறக்கத் தொடங்குகிறது. எடை இம்மியும் குறையாமலேகூட இது நடக்கும் என்பார். ஆனால் நிறுத்திவிட்டால்? நிறுத்திய சில நாட்களிலேயே தசை மறக்கத் தொடங்கும் என்பார். இதை நினைவில் வையுங்கள். இன்று நான் பேச வந்ததே இதைத்தான்.

"இதெல்லாம் வேற ஊர்ல, வேற உடம்புல பார்த்து எழுதினது சுலோசனாம்மா. நம்ம பொம்பளைங்க தசைய யாரு திறந்து பார்த்தாங்க?" என்பார். அதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் தொடையிலிருந்து அரிசி அளவுக்கு ஒரு துணுக்குத் தசையை எடுத்தாக வேண்டும். மரத்துப் போக ஊசி போட்டு, டாக்டர் ரேவதி அவர்கள் எடுப்பார். எடுத்த மறுகணம் அது திரவ நைட்ரஜனின் புகையும் குளிரில் போய் உறைந்துவிடும்.

யார் வருவார்கள்? ஊரெல்லாம் வதந்தி. தொடைக் கறியை அறுக்கிறார்கள் என்று பேச்சு. மஹீரா ஒன்றும் விளக்கவில்லை. முகாமுக்கு வந்த பெண்களைக் கதவுக்கு உள்ளே அழைத்தார், தாமே படுக்கையில் படுத்தார், டாக்டர் ரேவதியிடம், "முதல்ல என்னோடத எடுங்க" என்றார். எடுத்து முடித்ததும் எழுந்து நொண்டாமல் நடந்து காட்டினார். வலித்திருக்கும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "இன்னா டாக்டரம்மா, உங்க தொடைல எடுக்க இன்னா கீது? எலும்புதான் கீது. எங்க தொடைல எடுங்க, ஒரு வருசத்துக்கு வரும்."

அதுதான் பொன்னியம்மா. சென்னீர்குப்பத்துப் பொன்னியம்மா. அவருடைய தாயும் தகப்பனும் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலை ஓரத்தில் பிறருடைய நிலத்தில் நாற்று நட்டவர்கள். இன்று அந்த நிலத்தில் தொழிற்சாலை, தொழிற்சாலை கேன்டீனில் பொன்னியம்மா. அவர் சிரித்ததும் அறை முழுவதும் சிரித்தது. அன்று மஹீராவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு குழு நடக்க வேண்டும், இன்னொரு குழு வழக்கம்போல இருக்க வேண்டும். ஆராய்ச்சிக் காலம் முடிந்ததும் இரண்டாவது குழுவுக்கும் நடைப் பயிற்சி உண்டு. நடக்காதவர்களின் தசையோடு ஒப்பிட்டால்தானே நடந்தவர்களின் தசையில் வந்த மாற்றம் நடையால் வந்தது என்று சொல்ல முடியும்? எனக்கு வந்தது உட்காரும் சீட்டு.

நடக்கும் குழுவுக்குப் பெரியவர் பஷீருதீன் தம் செருப்புக் கடையிலிருந்து அகலமான ஷூக்களாகத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். பெண்களின் கால் அளவைக் கேட்காமல் நடையைப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார். குளக்கரையில் நடை. மஹீரா பின்னாலேயே வருவார். பேச முடிகிற வேகத்தில் நடக்க வேண்டும், பாட முடிகிற அளவுக்கு மெதுவாக நடக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. "எனக்கு எப்பவுமே பாட்டு வராது டாக்டரம்மா. அப்போ நின்னுகினு இருந்தாலும் கணக்குல சேத்துக்குவீங்களா?" என்று பொன்னியம்மா கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன். நான் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

காலம் முடிந்தது. தசைகளை எடுத்துப் பார்த்தார்கள். நடந்தவர்களின் தசையில் மாற்றம் தெரிந்தது. உட்கார்ந்தவர்களின் தசையிலும் அதே மாற்றம் தெரிந்தது.

மஹீரா முதலில் தம்மையே சந்தேகித்தார். பெயர் மாறிவிட்டதா, குளிரூட்டி நின்றுவிட்டதா என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். தம்மிடம் பிழை இல்லை என்று உறுதியான பிறகுதான் சென்னீர்குப்பத்துக்குப் போனார். என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

"பொன்னியம்மா, உங்க தெருவுல உக்காரச் சொன்னவங்க உக்காந்தாங்களா?"

"அது இன்னா டாக்டரம்மா அப்டி கேக்கறீங்க. நான் மட்டும் நடந்து நல்லாவணும், என் நாத்தனா ஜோதிகா ஊட்ல குந்திகினு சக்கர வந்து சாவணுமா? சாயங்காலம் ஆனா நானே இட்டுகினு போய்ட்டேன். அவ மட்டும் இன்னா, காட்டுப்பாக்கத்துலயும் இட்டுகினுதான் போனாங்க. உங்க குளக்கரைல இல்ல. வேற ரோட்ல."

"எல்லாருமா?"

"டீச்சரம்மா தவுர எல்லாரும். அவங்கள யாரு கூப்புடறது? திட்டுவாங்க."

சகோதரிகளே, வேறு எந்த ஊரிலாவது இப்படி ஓர் ஆராய்ச்சி கெட்டிருக்குமா? பேராசையால் கெடவில்லை. சோம்பலால் கெடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பின்தங்கக் கூடாது என்ற நல்ல மனத்தால் கெட்டது. மஹீரா யாரையும் திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் ஆட்டோவில், "நீங்க உக்காந்தீங்கன்னு தெரியும். உங்க தசையே சொல்லிச்சு" என்றார். "அப்படியானால் என்னை மட்டும் வைத்து எழுதேன்" என்றேன். "ஒரே ஒரு ஆள் நேர்மையா உக்காந்தா அது ஆராய்ச்சி இல்லம்மா. அது உங்க குணம்" என்றார்.

கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். ஒரு வேலையை ஏற்றால் செய், செய்யவில்லை என்றால் சொல்லிவிடு என்று வளர்க்கப்பட்டவள். என்னைவிடக் கண்டிப்பானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மஹீராவைப் பார்த்தேன். சரியில்லாத சில மாதிரிகளை விட்டுவிட்டு மீதியை எழுதலாமே என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு. யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். முழு ஆராய்ச்சியும் செல்லாததாகிவிட்டது. அதற்குப் போன ஆண்டுகள் போனவைதான். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நிக்காஹ் பேச வந்தவர்களிடம், இப்போது முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்த ஆண்டுகளில்தான். பெரியவர் என்னை மன்னிக்க வேண்டும், இதை நான் சொல்லத்தான் வேண்டும்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி முகாம், மறுபடி சீட்டு. இந்தத் தடவை இரண்டு குழுவையும் இதே மண்டபத்தில் உட்கார வைத்து, "உட்காருறதும் வேலைதான். நடக்கிறவங்களுக்கு எவ்ளோ கஷ்டமோ அவ்ளோ கஷ்டம். பக்கத்து வீட்டு மேல பாசம் இருந்தா, அவங்கள உக்கார விடுங்க" என்றார். பொன்னியம்மா எழுந்து, "இந்தவாட்டி நாத்தனாவ நாற்காலில கட்டிப் போட்டுட்டுத்தான் வருவேன்" என்றார். சொன்னபடி நடந்தார்கள். சொன்னபடி உட்கார்ந்தார்கள். எனக்கு மறுபடியும் உட்காரும் சீட்டுதான் வந்தது. காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் கல்லூரித் தாழ்வாரத்தில் நின்றபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த மஹீரா, தலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். மூளையில் ஓர் இரத்தக் குழாய், பிறவியிலேயே பலவீனமாக இருந்தது, வெடித்துவிட்டது. அவர் பிறகு கண் திறக்கவில்லை.

நாற்பத்து நான்கு வயது. இதற்கு நான் என்ன சொல்வது? கடவுளின் சித்தம் என்று சொல்லச் சொல்கிறார்கள். பெரியவர் சொல்கிறார், அவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. எனக்கு வாய் வரவில்லை. என் ஆயுளில் பத்து ஆண்டை எடுத்து அவருக்குக் கொடுத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பேச்சைக் கேட்கிறேன். மளிகைக் கடையில் கேட்டேன், பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். "நடக்கச் சொன்ன அந்தம்மாவே பூட்டாங்க. நீங்க இன்னாத்துக்குக் கால தேச்சிகினு கீறீங்க?" மருந்துக் கடையில் இப்படிக் கேட்ட ஒருவரிடம் நானே சண்டைக்குப் போனேன். நடந்தால் சாவு வராது என்று மஹீரா எப்போது சொன்னார்? சர்க்கரை தசைக்குள் போகும் என்றுதானே சொன்னார்? பிறவியில் மெலிந்த குழாயை எந்த நடை தடுக்கும்? அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்து, அவர் சாவையே அதற்குச் சாட்சியாக்குகிறார்கள். இறந்தவருக்குச் செய்யக்கூடிய அநியாயம் இதைவிட என்ன இருக்கிறது?

இருக்கிறது, சகோதரிகளே. அதை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

போன வாரம் குளக்கரை வழியாக ஆட்டோவில் போனேன். ஒருவர்கூட இல்லை. அப்படியே சென்னீர்குப்பத்துக்கு விடச் சொன்னேன். பொன்னியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஷூ கதவு மூலையில் கிடந்தது.

"ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டேன்.

"மனசு வர்ல டீச்சரம்மா. அந்த ரோட்ல கால வெச்சாலே, பின்னாலருந்து டாக்டரம்மா 'பேசு பேசு, மூச்சு வாங்குதா பாப்போம்'னு சொல்ற மாதிரியே கீது. எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். அவங்க ஜனத்துல நாப்பது நாளாம். நாப்பது நாள் அதுக்கோசரம் நடக்காம இருக்கறதுன்னு கீறோம். அதுகூடச் செய்யலன்னா நாங்க இன்னா மனுசங்க?"

நல்ல மனம். மறுபடியும் அதே நல்ல மனம். அதே நல்ல மனம் அவருடைய ஆராய்ச்சியை ஒரு தடவை முடித்தது. இப்போது இரண்டாவது தடவையாக முடிக்கப் போகிறது.

அங்கிருந்து நேராகப் பெரியவர் கடைக்குப் போனேன். நாற்பது நாள் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் ஒரு ஜோடி ஷூவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே சொன்னார். "எங்க மார்க்கத்துல பெத்தவனுக்கே மூணு நாளைக்கு மேல துக்கம் இல்லம்மா. மூணாம் நாள் முடிஞ்சு நான் கடையத் திறந்துட்டேன். திறந்து என்ன? உள்ள குந்திகினு கீறேன்." ஷூவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "டீச்சரம்மா, எம்பொண்ணு சொன்னது சரியா தப்பான்னு இனிமே யாரு சொல்லப் போறாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு டாக்டர் ரேவதியிடம் போனேன். அவர் சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்தட்டும். கடைசித் தசைத் துணுக்கை எடுக்க அவர் தயார். ஆய்வகத்தில் அதைப் படித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நடக்காமல் கிடந்த தசையை எடுத்தால் அதில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. அல்லது இருந்ததன் மிச்சம்தான் இருக்கும். பிறகு அந்த ஆராய்ச்சியின் முடிவு எப்படி வெளியாகும்? நடந்த பெண்களின் தசைக்கும் உட்கார்ந்த பெண்களின் தசைக்கும் வேறுபாடு இல்லை என்று வெளியாகும். நம் பெண்களுக்கு நடை பயன்படாது என்று வெளியாகும். மேலே ஆசிரியர் பெயர் மஹீரா பேகம் என்று இருக்கும். மருந்துக் கடையில் நின்ற அந்த ஆள் சொன்னதை, மஹீராவே சொன்னதாக அச்சடித்து வைப்போம். வாழ்நாளெல்லாம் ஒரு பொய்யும் சொல்லாத பெண்ணின் கடைசி வாக்கியம் பொய்யாகிவிடும். அதை எழுதியது யார்? நம்முடைய துக்கம்.

தசைக்கு நம் துக்கம் தெரியாது. தசைக்கு மூன்றாம் நாளும் தெரியாது, நாற்பதாம் நாளும் தெரியாது. நடந்தாயா இல்லையா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார் டாக்டர் ரேவதி. விட்ட வாரங்களை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். உடனே மறுபடி நடக்கத் தொடங்கி, விட்ட காலத்துக்கு ஈடாகக் காலத்தை நீட்ட வேண்டும். அதன் பிறகு தசையை எடுத்தால் அது மஹீராவின் கேள்விக்கு நேர்மையான பதிலாக இருக்கும். என்ன பதில் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அவர் நினைத்தது தவறு என்றுகூட வரலாம். தவறு என்று வந்தாலும் அது உண்மையான தவறாக இருக்கட்டும்.

இது நடக்கும் குழு மட்டும் செய்யக்கூடிய காரியம் அல்ல. அவர்கள் நீட்டினால் உட்காரும் குழுவும் நீட்ட வேண்டும். ஜோதிகா போன்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். இன்னும் காத்திருக்க வேண்டும். அவர்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் இரத்தத்திலும் ஏறிக்கொண்டிருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் இந்த ஆராய்ச்சியில் இடமில்லை, எனக்கு எழுபது நெருங்கிவிட்டது. இது கலைந்து இன்னொரு முறை யாராவது தொடங்கினால், அதில் நான் இருக்க மாட்டேன். தொடங்கவும் மாட்டார்கள். தொடங்கக்கூடியவரை அடக்கம் செய்துவிட்டோம்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில், அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். நான் எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் அந்த உறுதியை எடுத்திருக்கிறேன். ஒன்றும் தொடரவில்லை. ஆகவே பெரிய வார்த்தை எதையும் உங்களிடம் கேட்க மாட்டேன். மஹீராவின் பணியை என்னால் தொடர முடியாது. நுண்ணோக்கியில் அவர் பார்த்ததை என்னால் பார்க்க முடியாது. குளக்கரையில் உங்களுக்குப் பின்னால் வந்து பேசு பேசு என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் நான் உட்காரும் குழு. நான் நாலு அடி வேகமாக நடந்தால் அது அவருக்குச் செய்யும் துரோகம். என்னால் எடுக்க முடிந்த உறுதி ஒன்றே ஒன்று. டாக்டர் ரேவதி போதும் என்று சொல்லும்வரை நான் உட்கார்ந்திருப்பேன். அது ஒரு வீரமும் இல்லை. அதைத் தவிர என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முதல்வர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதை நான் மாற்றுகிறேன். நின்று என்ன பயன்? நிற்கிற தசையும் பேசாது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. குளக்கரை மண்டபத்துக்குப் பின்னால்தான். நடக்கும் குழுவினர் எழுந்து போய் மூச்சு வாங்க நடந்துவிட்டு வாருங்கள். செருப்போடு வந்தவர்கள் செருப்போடு நடங்கள். மௌனம் வேண்டாம், பேசிக்கொண்டே நடங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே நடங்கள். வேகத்தை மட்டும் குறைக்காதீர்கள். உட்காரும் குழுவினர் மரியாதைக்காகக்கூட எழ வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருங்கள். அதுதான் இன்று நீங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை.

எழுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறதா? இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் எனக்கு வராது. இங்கிருந்து பார்க்கிறேன், பொன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவரும் எழவில்லை என்றால், மஹீரா பேகம் இரண்டாவது முறையாக இறந்ததை நான் இந்த நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

பேசி முடித்துவிட்டேன். எழுகிறவர்கள் எழுங்கள். நான் உட்காருகிறேன்.